அம்பா, எண்ணா, விரலா: மேசை மாறும் வழிகள்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. என் அலுவலகமும் அங்கேதான். சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்க முனை எனக்கு; மற்ற முனையில் மாமி கீரை ஆய்வார். மொழிபெயர்ப்பு என் தொழில். எந்த நேரமும் மூன்று வேலை திறந்தபடி கிடக்கும்: சிங்களத்தில் எழுதிய காணி உறுதி ஒன்று, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் குடும்பம் ஒன்று தந்த பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், வர்த்தமானி அறிவித்தல் ஒன்றுக்குத் தமிழ்ச் சுருக்கம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர்ட் கோப்பு, ஒரு பிடிஎஃப், அகராதியோடு ஒரு பிரவுசர். கூட்டினால் பன்னிரண்டு விண்டோ. திரையோ 14 அங்குலம்.

ஒருநாள் தம்பி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மென்பொருள் வேலை செய்கிறவன், பொறுமை கொஞ்சம் குறைவு.

“அக்கா, ஒரு ஃபைலைத் தேடி ஆல்ட் டாப்பை எத்தனை தரம் அமத்துறீங்கள் எண்டு எண்ணிப் பாத்தனீங்களா?”

நான் எண்ணவில்லை. அவன் எண்ணியிருந்தான். ஒன்பது. திறந்திருக்கும் விண்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் கூட்டு விசை அது.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் ஒவ்வொரு வழியாகப் பாவித்துப் பார்த்தேன். ஒரே திரையில் பல மேசைகளை வைத்துக்கொண்டு, விசைகளால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது எப்படி, எந்த வழி யாருக்குச் சரிவரும் என்பதுதான் இந்தக் கட்டுரை. மெய்நிகர் டெஸ்க்டொப் என்ற பெயர் நீளம் என்பதால் இனி மேசை என்றே சொல்கிறேன்.

யோசனை பழையது. 1986 இல் ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் இதற்கு ‘ரூம்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள்: வேலைக்கு ஓர் அறை, கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போவது. இரண்டு அறை வீட்டில் நாலு பேர் இருக்கும் எங்களுக்கு இந்த உவமை உடனே பிடிபடும். லினக்ஸ்காரர்கள் இதை நெடுங்காலமாகப் பாவிக்கிறார்கள். மெக்கில் 2007 இல் வந்தது. விண்டோஸில் எல்லோருக்கும் கிடைக்கும்படி உள்ளேயே வந்தது 2015 இல், விண்டோஸ் 10 உடன்தான்.

விண்டோஸிலிருந்தே தொடங்குகிறேன், கொழும்பில் நான் கண்ட பத்துக் கணினிகளில் எட்டில் அதுதான் ஓடுகிறது.

விண்டோஸ் விசையும் டாப்பும் சேர்த்து அழுத்தினால் எல்லா மேசையும் வரிசையாகத் தெரியும். விண்டோஸ் + கொன்ட்ரோல் + டி அழுத்தினால் புது மேசை ஒன்று வலது கோடியில் பிறந்து, உங்களையும் அங்கே கொண்டுபோய் விடும். விண்டோஸ் + கொன்ட்ரோலோடு இடது அல்லது வலது அம்பை அழுத்தினால் பக்கத்து மேசை. அதே இரண்டோடு எஃப்4 ஐ அழுத்தினால் நிற்கிற மேசை மூடப்படும். பயப்பட வேண்டாம், அதில் திறந்திருந்தவை பக்கத்து மேசைக்குப் போய்விடும், எதுவும் தொலையாது. நாலு கூட்டு விசைதான், அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

பழகும்போது வரும் தடுமாற்றங்களைச் சொல்ல வேண்டும், இவற்றை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை. விண்டோஸ் விசையில் விரல் சரியாக விழாவிட்டால் கொன்ட்ரோலும் அம்பும் மட்டும் வேலை செய்யும். எழுத்துக்குறி ஒரு சொல் தள்ளிப் போய் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் கொன்ட்ரோல் தவறிப்போனால் கதை வேறு. விண்டோஸும் அம்பும் சேர்ந்தால் முன்னால் இருக்கும் விண்டோ பாதித் திரைக்குச் சுருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் காணி உறுதியின் எல்லை விபரத்தைத் தட்டிக்கொண்டிருக்கையில் ஒரு நாளைக்கு நாலு தரமாவது இப்படி நடந்தது. எஃப்4 இலும் அதே மாதிரி: விண்டோஸ் விசை விழாவிட்டால் மேசைக்குப் பதிலாகக் கோப்பு மூடப்படும். என் லப்டொப்பில் எஃப் விசைகளுக்கு எஃப்என் வேறு அழுத்த வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. மேசையை மூடுவதென்றால் விண்டோஸ் + டாப், மவுஸ், முடிந்தது.

அம்பு வழியின் உண்மையான குறை நடக்க வேண்டியிருப்பது. முதலாம் மேசையிலிருந்து ஐந்தாம் மேசைக்கு நாலு தரம் அழுத்த வேண்டும். கடைசி மேசையில் நின்று வலது அம்பை அழுத்தினால் சுற்றி முதலுக்கு வராது, அப்படியே நிற்கும். எத்தனையாம் மேசையில் நிற்கிறோம் என்பது தலையில் இருக்க வேண்டும். மூன்று மேசை வரை இது பிரச்சினையே இல்லை: நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் ஒரு அடி. நாலாவது மேசை வந்ததும் ‘இப்போது எங்கே நிற்கிறேன்’ என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். அந்த ஒரு கணத்தில் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் போய்விடும்.

அப்படியென்றால் எண்ணை அழுத்தி நேரே போகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. விண்டோஸ் + கொன்ட்ரோல் + 3 ஐ அழுத்திப் பார்த்தேன். மூன்றாம் மேசை வரவில்லை, டாஸ்க்பாரில் மூன்றாவதாக இருந்த செயலி முன்னால் வந்து நின்றது. அந்தக் கூட்டு விசை ஏற்கெனவே வேறு வேலைக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது: டாஸ்க்பாரின் அந்த இடத்திலுள்ள செயலியில் நீங்கள் கடைசியாகப் பாவித்த விண்டோவுக்குப் போவதற்கு. மேசைக்கு எண்ணால் தாவும் வழி விண்டோஸில் உள்ளே இல்லை. திறந்திருக்கும் விண்டோவை விசையால் இன்னொரு மேசைக்கு அனுப்பும் வழியும் இல்லை. விண்டோஸ் + டாப் அழுத்தி, இழுத்துப் போட வேண்டும்.

வெளியே வழி உண்டு. ஆட்டோஹொட்கீ என்ற இலவசக் கருவியில் சின்ன நிரல் எழுதினால் எண்ணால் தாவலாம், தம்பி அதைத்தான் செய்து தந்தான். நன்றாகவே ஓடியது, ஒரு விண்டோஸ் அப்டேட் வரும்வரை. மேசைகளை உள்ளிருந்து இயக்கும் பகுதியை மைக்ரோசொஃப்ட் வெளியாருக்கென்று ஆவணப்படுத்தி வைக்கவில்லை, அப்டேட்டோடு அது மாறும், அதை நம்பிய நிரல் விழும். தம்பி வந்து திருத்தினான். அவன் வீட்டில் இல்லாத வாரத்தில் இது நடந்திருந்தால்? என் மாதிரி ஆட்களுக்கு இது வேண்டாம்.

மைக்ரோசொஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பிலும் ‘டெஸ்க்டொப்ஸ்’ என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது. ஆல்ட்டோடு 1 முதல் 4 வரை அழுத்தினால் நேரே போகும். ஆனால் நாலு மேசைதான், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விண்டோவை மாற்றவே முடியாது. ஒரு மாலை பாவித்தேன், விட்டுவிட்டேன்.

நான் கடைசியில் தங்கிய இடம் பவர்டொய்ஸ். மைக்ரோசொஃப்டே இலவசமாகத் தருவது. அதில் விசைகளை மாற்றியமைக்கும் பகுதி உண்டு: நீங்கள் விரும்பும் ஒரு கூட்டு விசையை அழுத்தினால் விண்டோஸ் + கொன்ட்ரோல் + இடது அம்பு அழுத்தியதாக எடுத்துக்கொள் என்று சொல்லி வைக்கலாம். தாண்டுவது அதே ஒவ்வொரு அடியாகத்தான், ஆனால் இடது கை மட்டும் போதும். வலது கை மவுஸிலோ தேநீர்க் கோப்பையிலோ இருக்கலாம். எந்த விசையைத் தெரிவது என்பதில் மட்டும் கவனம். நான் முதலில் ஆல்ட் + கியூ கொடுத்தேன், வேர்டின் தேடல் பெட்டிக்குரிய விசை அது என்று அப்புறம்தான் தெரிந்தது. நிர்வாகி உரிமையோடு திறந்த செயலிக்குள் நிற்கும்போது, பவர்டொய்ஸையும் அதே உரிமையோடு ஓடவிடாவிட்டால் இந்த மாற்றம் வேலை செய்யாது. மொழிபெயர்ப்பாளருக்கு அது அபூர்வம்.

இனி, மேசையே வேண்டாம் என்கிற வழி ஒன்று. டாஸ்க்பாரில் செயலிகளை ஒரே வரிசையில் பொருத்தி வையுங்கள்: முதலில் மின்னஞ்சல், அடுத்தது எக்செல், அடுத்தது பிரவுசர். விண்டோஸ் + 1, விண்டோஸ் + 2 என்று அழுத்தினால் நேரே அந்தந்தச் செயலி. கோட்டையில் கணக்கு வேலை செய்யும் என் தோழி இப்படித்தான் நாள் முழுக்க ஓட்டுகிறாள், இதைவிட வேகம் எந்த மேசையிலும் இல்லை. அவளிடம் ஒவ்வொரு செயலிக்கும் ஒரே ஒரு விண்டோ. என்னிடம் வேர்ட் மட்டும் ஆறு. விண்டோஸ் + 1 ஐ ஆறு தரம் அழுத்துவதற்குப் பழைய ஆல்ட் டாப்பே மேல். ஆகவே முதலில் உங்கள் டாஸ்க்பாரைப் பாருங்கள். திறந்திருப்பவை வேறு வேறு செயலிகள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை. ஒரே செயலியின் பல கோப்புகள் வேறு வேறு வேலைக்காகத் திறந்திருந்தால் மேசைகள்தான் வழி.

மேசைகள் வந்தபின் ஆல்ட் டாப்புக்கு மறுவாழ்வு கிடைக்கிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. விண்டோஸ் வழக்கமாக, நிற்கிற மேசையில் உள்ள விண்டோக்களை மட்டுமே ஆல்ட் டாப்பில் காட்டும். பன்னிரண்டு இருந்த வரிசை நாலாகிவிடும். ஆக வேலை விட்டு வேலைக்கு ஒரு விசை, வேலைக்குள்ளே இன்னொரு விசை என்று கை இரண்டு பழக்கமாகப் பிரித்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், மல்டிடாஸ்கிங் பகுதியில் இதை மாற்றவும் முடியும். மாற்றாதீர்கள், மாற்றினால் பாதிப் பயன் போய்விடும்.

மும்மொழிக்காரருக்கு இன்னொரு சங்கதி. விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்தித்தான் நாங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று விசைப்பலகையை மாற்றுகிறோம். மேசை மாறியதும் மொழி மாறாமல் நின்றால், தமிழ் வாக்கியத்தின் நடுவே சிங்கள எழுத்து விழும். உயர்நிலை விசைப்பலகை அமைப்புகளில், ஒவ்வொரு செயலி விண்டோவுக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை வைக்கலாம் என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் வேர்டில் தமிழ், பிரவுசரில் ஆங்கிலம் என்று அதது நினைவில் நிற்கும். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

விரல் வழி. டச்பேட்டில் நாலு விரலை வைத்து இடமோ வலமோ தள்ளினால் விண்டோஸில் மேசை மாறும். மெக்கில் மூன்று அல்லது நாலு விரல், நீங்கள் வைத்துக்கொள்வது போல். மெக்கின் டச்பேட்டில் இது அருமை, விசையே தேவைப்படாது. மற்ற லப்டொப்புகளில் டச்பேட்டின் அளவைப் பொறுத்தது. என்னுடையதில் நாலு விரல் வைத்தால் மிச்ச இடம் தபால் முத்திரை அளவு. ஏப்ரல் வெயிலில் மின்விசிறிக்குக் கீழேயும் விரல் வியர்க்கும், வியர்த்த விரல் வழுக்காமல் ஒட்டும். தட்டச்சு செய்கிற கையை விசைப்பலகையிலிருந்து எடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. படித்துக்கொண்டே புரட்டுகிறவர்களுக்கு இது பொருந்தும், தட்டுகிறவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது மொனிட்டர் வாங்கலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் புதியதும் பாவித்ததும் வேண்டிய அளவு இருக்கிறது. மேசையால் செய்ய முடியாத ஒன்றை மொனிட்டர் செய்யும்: இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டும். மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கம் பக்கமாக இருக்க வேண்டிய எனக்கு இது பெரிய விஷயம். ஆனால் அதை விண்டோஸ் + இடது அம்பு, விண்டோஸ் + வலது அம்பு கொண்டு ஒரே திரையை இரண்டாகப் பிரித்து ஓரளவு சமாளிக்கலாம். முதல் வாரம் என்னைப் படுத்திய அதே விசைதான்.

மொனிட்டரும் மேசையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸில் மேசை மாறினால் இரண்டு திரையும் சேர்ந்தே மாறும். மெக்கில் ஒவ்வொரு திரைக்கும் தனி மேசைகள் வைக்கலாம். லினக்ஸின் டெஸ்க்டொப் வகைகளில் ஒன்றான க்னோமில் வழக்கமாக முதன்மைத் திரை மட்டும் மாறும், மற்றது அசையாது. அகராதியை இரண்டாம் திரையில் நிரந்தரமாக வைத்திருக்க நினைத்தால் விண்டோஸில் அந்த விண்டோவை எல்லா மேசையிலும் காட்டும்படி சொல்ல வேண்டும். விண்டோஸ் + டாப் அழுத்தி, அதன்மேல் வலது கிளிக் செய்தால் அந்தத் தெரிவு வரும். எங்கள் வீட்டில் மொனிட்டர் வைத்தால் மாமியின் கீரைக்கு இடமில்லை. விவாதம் அங்கேயே முடிந்தது.

மெக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. கொன்ட்ரோலும் அம்பும் சேர்ந்தால் பக்கத்து மேசை. எண்ணால் தாவும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். விசைப்பலகைக் குறுக்குவழிகளில் மிஷன் கொன்ட்ரோல் பகுதிக்குப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, அண்மையில் பாவித்த வரிசைப்படி மேசைகளைத் தானே இடம் மாற்றும் தெரிவு ஒன்று வழக்கத்தில் இயங்கும். அதை அணைக்காமல் எண்ணைப் பழகுவது, தினமும் வீட்டு இலக்கம் மாறும் ஒழுங்கையில் தபால் கொடுப்பது போல. முழுத் திரைக்கு விரித்த செயலி தனி மேசையாகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். மேசை வழுக்கி நகர்வது தலையைச் சுற்றினால் அணுகல்தன்மை அமைப்பில் அசைவைக் குறைக்கலாம்.

லினக்ஸைப் பற்றித் தம்பியிடம் கேட்டால் நிறுத்த மாட்டான். அவன் பாவிப்பது ஐ3 என்ற விண்டோ மேலாளர். அதில் மொட் விசையோடு (ஆல்ட் அல்லது விண்டோஸ் விசை, நாம் தெரிவது) எண்ணை அழுத்தினால் அந்த மேசை, ஷிஃப்டையும் சேர்த்தால் நிற்கிற விண்டோ அந்த மேசைக்குப் போகும். விண்டோஸ் தராத இரண்டும் ஒரே வரிசை விசையில். எக்ஸ்எஃப்சிஇ என்ற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டொப்பில் கொன்ட்ரோல் + எஃப்1, எஃப்2 என்று நேரே தாவலாம், கொன்ட்ரோல் + ஆல்ட் + அம்பால் நடக்கலாம். க்னோமில் சூப்பர் விசையோடு (விண்டோஸ் விசைதான்) பேஜ் அப், பேஜ் டவுன். ஷிஃப்டைச் சேர்த்தால் விண்டோவும் கூடவே வரும். இந்தப் பக்கம் வென்றது லினக்ஸ்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வீட்டில் லினக்ஸும் அலுவலகத்தில் விண்டோஸும் பாவிப்பவர்கள், பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் உள்ள கணினியில் கொன்ட்ரோல் + ஆல்ட் + கீழ் அம்பை அழுத்தினால் திரை தலைகீழாகும். நான் பகுதிநேரமாகப் போன ஓர் இடத்தில் தம்பியின் கணினிப் பழக்கத்தில் அழுத்திவிட்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு மவுஸைத் தேடினேன். மேல் அம்பை அழுத்தினால் திரும்பும் என்று தெரிய பத்து நிமிடம் எடுத்தது.

விசைக்காக மட்டும் லினக்ஸுக்கு மாறலாமா? என் தொழிலில் வேண்டாம். வாடிக்கையாளர் வேர்ட் கோப்பைத் தருகிறார், வேர்ட் கோப்பாகவே கேட்கிறார், அதில் பாதி இன்னும் பாமினி எழுத்துருவில் வருகிறது. பக்க அமைப்பு ஒரு வரி நகர்ந்தாலும் உறுதிப்படுத்திய பிரதியைத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய லப்டொப்புகள் வீடு வீடாகக் கிடக்கின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்து, வேலை பிரவுசருக்குள்ளேயே முடிகிறதென்றால் எக்ஸ்எஃப்சிஇ உள்ள லினக்ஸ் போட்டுப் பாருங்கள். எண் விசை இனாம்.

எந்த வழியானாலும் இரண்டு விஷயம் ஒன்றுதான். மேசைகள் நினைவகத்தை மிச்சப்படுத்தாது. கண்ணுக்குத் தெரியாத மேசையில் உள்ளதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இரண்டாவது, கரண்ட். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஏறி நாடே இருண்ட ஞாயிற்றுக்கிழமை, என் பழைய பட்டரி முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தது. கரண்ட் வந்து திறந்தபோது ‘உறுதி’, ‘அத்தாட்சி’, ‘வர்த்தமானி’ என்று நான் பெயர் வைத்த மூன்று மேசையும் அப்படியே இருந்தன, காலியாக. விண்டோஸ் மேசைகளையும் பெயர்களையும் வைத்துக்கொள்ளும். எது எதில் திறந்திருந்தது என்பதை நீங்கள்தான் திரும்பப் பரப்ப வேண்டும். பெயர் வைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் பரப்பினேன். விண்டோஸ் 11இல் மேசைக்கு ஒரு பின்னணிப் படமும் வைக்கலாம். எனக்கு உறுதிக்குப் பச்சை, அத்தாட்சிக்கு நீலம். எங்கே நிற்கிறேன் என்று பார்க்கப் பெயரைத் தேட வேண்டியதில்லை.

போன மாதம், என்னைப் போலவே மொழிபெயர்க்கும் ஓர் அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு மேசை போட்டுத் தரச் சொன்னார். அவருடைய டாஸ்க்பாரைப் பார்த்தேன்: சிங்களத்திலிருந்து தமிழுக்கு ஒரு பெரிய அறிக்கை, அதற்குப் பக்கத்தில் மின்னஞ்சலும் வட்ஸ்அப்பும். இரண்டு மேசை போட்டு, ஒன்றுக்கு ‘வேலை’, மற்றதற்கு ‘ஆட்கள்’ என்று பெயர் வைத்து, அம்பு விசையை மட்டும் காட்டினேன். பவர்டொய்ஸ் போடவில்லை. “மிச்சம் நாலும் எங்க தங்கச்சி?” என்று கேட்டார். கொன்ட்ரோல் தவறாமல் ஒரு கிழமை அழுத்திவிட்டு வாருங்கள் அக்கா, மூன்றாவதை அப்போது போடுவோம் என்றேன்.